நம்ம வட்டாரத்தில் எத்தனை பேருக்குச் சுகர்? முதல் தடவை கணக்கெடுப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

"நூறு பேரில் எத்தனை பேருக்குச் சுகர் இருக்கிறது?" கேள்வி ஒரு வரிதான். விடை கண்டுபிடிக்க எனக்குப் பதினான்கு மாதம் பிடித்தது. அதில் முதல் நான்கு மாதம் முழுக்க வீண்.

பொது சுகாதாரப் படிப்பின் ஆய்வுக்காக விழுப்புரம் மாவட்டத்தில் ஒரு வட்டாரத்தை எடுத்துக்கொண்டேன். ஒரு பள்ளிக்கூடத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை இலவசச் சர்க்கரை முகாம் போட்டேன். முந்நூறு பேருக்கு மேல் வந்தார்கள். மூன்றில் ஒருவருக்குச் சுகர் என்று கணக்கு வந்தது. அதைத் தூக்கிக்கொண்டு கைடிடம் போனேன். அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "இவங்க எல்லாம் எத்தனை பேர்ல இருந்து வந்தவங்க?" என்னிடம் பதில் இல்லை. சுகர் இருக்கிறவரும், இருக்குமோ என்று பயப்படுகிறவரும்தான் சுகர் முகாமுக்கு வருவார்கள். வயலுக்குப் போனவர், திருப்பூருக்கு வேலைக்குப் போனவர், தனக்கு ஒன்றுமில்லை என்று நினைப்பவர் யாரும் வரவில்லை.

பள்ளிக்கூடத்தில் பின்னம் படித்தபோது மேலே இருப்பது தொகுதி, கீழே இருப்பது பகுதி என்று சொல்லிக் கொடுத்தார்கள். நோய்க் கணக்கில் தொகுதியைப் பிடிப்பது சுலபம். பகுதியைப் பிடிப்பதுதான் வேலை. கீழே எழுதியிருப்பது கிட்டத்தட்ட எல்லாமே அந்தப் பகுதியை ஒழுங்காகப் பிடிக்கும் வழிதான். முதுநிலை ஆய்வு செய்பவர்கள், தொண்டு நிறுவனத்தில் கணக்கெடுப்பு எடுக்கச் சொல்லப்பட்டவர்கள், ஆரம்ப சுகாதார நிலையத்தில் (பி.எச்.சி.) புதிதாகச் சேர்ந்த மருத்துவர்கள், உங்களுக்காகத்தான் இது.

1. இருப்பவரை எண்ணுவதா, புதிதாக வருபவரை எண்ணுவதா?

இதை முடிவு செய்யாமல் ஒரு காகிதம்கூட எழுதாதீர்கள். இன்றைக்கு ஊரில் எத்தனை பேர் நோயோடு இருக்கிறார்கள் என்பது ஒரு கணக்கு. அதைப் பரவல் என்கிறோம். ஒரு வருடத்தில் எத்தனை பேருக்குப் புதிதாக வந்தது என்பது வேறு கணக்கு. அது நிகழ்வு வீதம். கல்லூரியில் பிரிவலன்ஸ், இன்சிடென்ஸ் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள்.

ஒரு தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். குழாயிலிருந்து விழுவது புது நோயாளிகள். தொட்டியில் நிற்பது மொத்த நோயாளிகள். குணமாகிறவர்களும் இறந்துபோகிறவர்களும் அடியில் ஒழுகுகிற தண்ணீர். சர்க்கரை நோயில் நல்ல சிகிச்சை கிடைத்து ஆயுள் கூடினால் ஒழுகுவது குறையும். அப்போது புது நோயாளிகள் கூடாமலே பரவல் ஏறும். "பரவல் ஏறிவிட்டது, நிலைமை மோசம்" என்று உடனே எழுதிவிடாதீர்கள்.

ஒரே ஒரு தடவை வீடு வீடாகப் போய்ச் சோதித்தால் உங்களுக்குக் கிடைப்பது பரவல் மட்டும். நிகழ்வு வீதம் வேண்டும் என்றால், முதலில் நோய் இல்லாதவர்களைப் பிரித்து, அவர்களை வருடக்கணக்கில் பின்தொடர வேண்டும். அப்போது பகுதியில் ஆட்களின் எண்ணிக்கை வராது, ஆள்-ஆண்டுகள் வரும். மூன்று வருடம் உங்கள் கண்ணில் இருந்தவர் மூன்று ஆள்-ஆண்டு, ஆறு மாதத்தில் ஊரை விட்டுப் போனவர் அரை ஆள்-ஆண்டு. ஒரு படிப்புக் காலத்தில் தனி ஆளாக இதை முடிப்பது கஷ்டம். டெங்கு, வயிற்றுப்போக்கு போல சட்டென வந்து போகும் நோய்க்குப் பரவல் கணக்கு அதிகம் உதவாது. அங்கே நிகழ்வுதான் வேண்டும்.

புற்றுநோய் என்றால் வீடு வீடாகப் போகவே வேண்டாம். ஆயிரம் வீடு ஏறினாலும் விரல் விட்டு எண்ணும் அளவுக்குத்தான் கிடைப்பார்கள். சென்னைக்கான மக்கள்தொகைப் புற்றுநோய்ப் பதிவேடு 1982 முதல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில் நடக்கிறது. அதன் அறிக்கைகளிலிருந்து தொடங்குங்கள்.

நான் எடுத்துக்கொண்டது சர்க்கரை நோயின் பரவல். இனி வரும் உதாரணங்கள் எல்லாம் அதை வைத்துத்தான்.

2. யாரை நோயாளி என்று எண்ணுவீர்கள்? முதலிலேயே எழுதி வையுங்கள்

நான் எழுதிக்கொண்டது இது: வெறும் வயிற்றில் ரத்தச் சர்க்கரை ஒரு டெசிலிட்டருக்கு 126 மி.கி. அல்லது அதற்கு மேல் இருப்பவர், அல்லது மருத்துவர் ஏற்கெனவே சர்க்கரை நோய் என்று சொல்லி மாத்திரையோ ஊசியோ எடுப்பவர். இரண்டில் ஒன்று இருந்தால் போதும்.

அந்த இரண்டாவது பாதியை விட்டுவிடுபவர்கள் நிறைய. ஒரு வீட்டில் ஓர் அக்காவுக்கு 108 வந்தது. இயல்பு என்று எழுதப் போனேன். அலமாரியில் மாத்திரை அட்டை இருந்தது. சுகருக்கான மெட்ஃபார்மின், தினம் இரண்டு வேளை, நான்கு வருடமாக. அவரை நோய் இல்லாதவர் பட்டியலில் போட்டால், ஒழுங்காக மருந்து சாப்பிடுகிறவர்கள் எல்லோரும் கணக்கிலிருந்து காணாமல் போவார்கள். இன்று மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய திட்டம் அது. மருந்தால் கட்டுப்பாட்டில் இருப்பவர்களை விட்டுவிட்டால் உங்கள் பகுதி சரியாக இருந்தும் தொகுதி தேய்ந்துவிடும். அதனால் "சுகர் இருக்கா?" என்று கேட்டதோடு நிற்காமல் "மாத்திரை அட்டையைக் கொஞ்சம் காட்டுங்க" என்றும் கேளுங்கள்.

எந்தச் சோதனை என்பதும் எண்ணை மாற்றும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) இன்டியாப் என்ற நாடு தழுவிய ஆய்வு 2023-இல் வெளியிட்ட கணக்கில் இந்தியாவில் 20 வயதுக்கு மேற்பட்டவர்களில் 11.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய். தமிழ்நாட்டுக்கு 14.4 சதவீதம். அவர்கள் குளுக்கோஸ் குடிக்க வைத்து இரண்டு மணி நேரம் கழித்தும் விரலில் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். வெறும் வயிற்றுச் சோதனை மட்டும் செய்கிற நமக்குச் சிலர் தவறிப் போவார்கள். ஆகவே உங்கள் எண்ணை அவர்கள் எண்ணோடு அப்படியே ஒப்பிட முடியாது. கடந்த சில மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்.பி.ஏ1சி சோதனையில் 6.5 சதவீதமும் அதற்கு மேலும் என்ற அளவுகோலும் உண்டு. விரதம் தேவையில்லை, ஆனால் விலை அதிகம். ரத்தசோகை அதிகமுள்ள நம் கிராமத்துப் பெண்களிடம் அந்த எண் பிசகவும் செய்யும்.

3. எத்தனை பேர் வேண்டும்?

சூத்திரம் சின்னது. எதிர்பார்க்கும் சதவீதத்தை நூறிலிருந்து கழித்துக் கிடைக்கும் எண்ணால் அதையே பெருக்கி, 3.84-ஆல் (95 சதவீத உறுதிக்கான எண் அது) பெருக்குங்கள். எவ்வளவு பிசகலாம் என்று நினைக்கிறீர்களோ அதன் வர்க்கத்தால் வகுங்கள். 14 சதவீதம் எதிர்பார்க்கிறீர்கள், 4 சதவீதம் முன்னே பின்னே இருந்தால் பரவாயில்லை என்றால்: 14 × 86 × 3.84 ÷ 16 = 289 பேர்.

இங்கேதான் பலர் நிறுத்திவிடுகிறார்கள். இன்னும் இரண்டு படி இருக்கிறது. ஒரே ஊர்க்காரர்கள் ஒரே மாதிரி சாப்பிட்டு ஒரே மாதிரி வேலை செய்பவர்கள். ஊர் ஊராகத் தொகுத்து எடுக்கும்போது பத்துப் பேர் பத்துப் பேருக்கான தகவலைத் தருவதில்லை. அதை ஈடுகட்ட 1.5-ஆல் பெருக்கினேன். 434 ஆனது. பத்தில் ஒருவர் மறுப்பார் அல்லது கிடைக்கமாட்டார் என்று 0.9-ஆல் வகுத்தேன். 482. முப்பது தொகுப்பு, அதாவது முப்பது இடம், ஒவ்வொன்றிலும் 17 பேர், மொத்தம் 510 என்று முடித்துக்கொண்டேன்.

"4 சதவீதம் பிசகு" என்பதும் "14-இல் 20 சதவீதம் பிசகு" என்பதும் ஒன்றல்ல. இரண்டாவது 2.8 தான். அப்படிப் போட்டால் 289 என்பது 590 ஆகிவிடும், அதற்கப்புறம்தான் பெருக்கல் எல்லாம். எதைப் போட்டீர்கள் என்று நெறிமுறைக் குழுவுக்கான விண்ணப்பத்தில் தெளிவாக எழுதுங்கள். குழுவில் ஒருவராவது அதைக் கேட்பார்.

4. காகிதங்கள்

என்னை அதிகம் அலையவைத்தது இதுதான். நேரமும் இங்கேதான் போகும்.

மனிதர்களிடம் ஆய்வு செய்ய ஒப்புதல் தருகிற நெறிமுறைக் குழு, அதாவது எத்திக்ஸ் கமிட்டிதான் முதல். ஆய்வுத் திட்டம், கேள்விப் படிவம், தகவல் தாள், ஒப்புதல் படிவம், கைடின் கடிதம், உங்களுடைய தகுதிக் குறிப்பு, செலவுக் கணக்கு ஆகியவற்றைத் தயார் செய்யுங்கள். தகவல் தாளும் ஒப்புதல் படிவமும் தமிழிலும் ஆங்கிலத்திலும் வேண்டும். எத்தனை பிரதி, கட்டணம் உண்டா என்பது கல்லூரிக்குக் கல்லூரி மாறும். அலுவலகத்தில் போய்க் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அதைவிட முக்கியம், குழு அடுத்து எப்போது கூடுகிறது, விண்ணப்பம் கொடுக்கக் கடைசித் தேதி என்ன என்பது. என் குழு இரண்டு மாதத்துக்கு ஒரு முறைதான் கூடும். கடைசித் தேதியை மூன்று நாளில் தவறவிட்டதால் இரண்டு மாதம் காத்திருந்தேன்.

என் விண்ணப்பம் முதல் தடவை திரும்பி வந்ததற்குக் காரணம் தமிழ். "தாங்கள் இவ்வாய்வில் பங்கேற்பது முற்றிலும் தன்னார்வமானது" என்று எழுதியிருந்தேன். குழுவில் இருந்த பொதுமக்கள் தரப்பு உறுப்பினர், ஓய்வு பெற்ற ஆசிரியை, "இதை எங்க தெருவுல யாருக்குப் புரியும்?" என்று கேட்டாராம். திருத்தி எழுதினேன்: "வேண்டாம் என்று நீங்கள் சொல்லலாம். சொன்னாலும் உங்களுக்கு ஆஸ்பத்திரியில் கிடைக்கிற எதுவும் நின்றுபோகாது." படித்துக் காட்டிப் பாருங்கள். படிக்கத் தெரியாத உங்கள் பாட்டிக்குப் புரிந்தால் குழுவுக்கும் புரியும். ஐ.சி.எம்.ஆர். 2017-இல் வெளியிட்ட தேசிய நெறிமுறை வழிகாட்டுதலை ஒரு தடவை முழுக்கப் படித்துவிடுங்கள். குழு கேட்கும் கேள்வியெல்லாம் அதிலிருந்துதான் வரும். எழுதப் படிக்கத் தெரியாதவரிடம் கைநாட்டு வாங்கும்போது ஆய்வோடு சம்பந்தமில்லாத ஒரு சாட்சியின் கையெழுத்தும் வேண்டும் என்பது அங்கேதான் இருக்கிறது. அதற்குப் படிவத்தில் இடம் விடுங்கள். தகவல் தாளின் ஒரு பிரதி அவர்கள் கையில் தங்க வேண்டும். அச்சுச் செலவில் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது சுகாதாரத் துறை அனுமதி. மாவட்ட சுகாதார அலுவலருக்கு ஒரு கடிதம், வட்டார மருத்துவ அலுவலருக்கு ஒரு பிரதி. அரசு ஊழியர்களின் உதவியோ பதிவேடோ தேவை என்றால் சென்னை தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் உள்ள பொது சுகாதார இயக்குநரகம் வரை கோப்பு போகலாம். ஒரு மாதம் ஒதுக்குங்கள், இரண்டு ஆனாலும் பதறாதீர்கள்.

இங்கே ஒரு சிக்கல் வரும். "எத்திக்ஸ் சான்றிதழ் எங்கே?" என்று அலுவலகம் கேட்கும். "அலுவலக அனுமதி எங்கே?" என்று கமிட்டி கேட்கும். நான் மூன்று வாரம் இந்த இரண்டுக்கும் நடுவில் நடந்தேன். அப்புறம்தான் ஒருவர் வழி சொன்னார். அலுவலகத்திடம், "நெறிமுறைக் குழு ஒப்புதல் அளித்தால் எங்களுக்கு ஆட்சேபம் இல்லை" என்ற கடிதம் கேளுங்கள். அதைக் கமிட்டி ஏற்றுக்கொண்டது.

மருத்துவ ஆய்வுகளுக்கான தேசியப் பதிவேடு சி.டி.ஆர்.ஐ. அதில் பதிவு கட்டணமில்லாதது. மருந்து சோதிக்காத ஆய்வுகளையும் அங்கே பதியலாம். பல கல்லூரிகள் ஆய்வேட்டுக்கு அந்த எண்ணைக் கேட்கின்றன. ஆனால் முதல் ஆளைச் சேர்ப்பதற்கு முன்பே பதிவு முடிந்திருக்க வேண்டும். அவர்கள் சந்தேகம் கேட்டு மின்னஞ்சல் அனுப்புவார்கள், நீங்கள் திருத்திக் கொடுக்க வேண்டும், சில வாரம் ஓடிவிடும். எத்திக்ஸ் சான்றிதழ் கைக்கு வந்த அன்றே தொடங்கிவிடுங்கள்.

கடைசியாக, ஊராட்சித் தலைவருக்கும் ஒரு கடிதம். சட்டப்படி கட்டாயமில்லை. ஆனால் விடியற்காலையில் முன்பின் தெரியாத ஒருவர் ஊசியோடு தெருவில் நின்றால் கேள்வி வரத்தான் செய்யும்.

5. ஊர்களைத் தேர்ந்தெடுப்பது

மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் 2011 கிராமப் பட்டியல் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. ஒவ்வொரு கிராமத்துக்கும் மக்கள்தொகை இருக்கும். பழையதுதான், ஆனால் ஊர்களைத் தேர்ந்தெடுக்கப் போதும்.

கிராமங்களை வரிசையாக எழுதி, பக்கத்தில் மக்கள்தொகையைக் கூட்டிக்கொண்டே போங்கள். மொத்தம் 96,000 என்று வைத்துக்கொள்வோம். முப்பதால் வகுத்தால் 3,200. ஒன்றுக்கும் 3,200-க்கும் இடையில் குலுக்கலில் ஓர் எண் எடுங்கள், உதாரணத்துக்கு 1,417. கூட்டுத்தொகை 1,417-ஐத் தொடுகிற கிராமம் முதல் தொகுப்பு. அடுத்தது 4,617, அதற்கடுத்து 7,817. இப்படிச் செய்தால் பெரிய ஊருக்கு வாய்ப்பு அதிகம், சின்ன ஊருக்குக் குறைவு. பெரிய ஊர் இரண்டு தடவை வந்தாலும் தப்பில்லை, இரண்டு தொகுப்பு எடுங்கள். பஸ் போகாத ஊர் வந்துவிட்டதே என்று மாற்றாதீர்கள். போகச் சுலபமான ஊர்களை மட்டும் எடுத்தால் பஸ் ஸ்டாப் ஊர்களின் சுகர்தான் கிடைக்கும்.

ஒரு விஷயத்தைக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். கணக்கெடுப்புப் பட்டியலில் ஒரே கிராமம் என்றிருப்பது தரையில் ஒன்றாக இருக்காது. ஊர்த் தெரு இருக்கும், தள்ளி காலனி இருக்கும், ஏரிக்கரைக்கு அந்தப் பக்கம் இருளர் குடியிருப்பு இருக்கும், வயல் நடுவே நாலு வீடு இருக்கும். அரசு ஆவணங்களிலிருந்து காலனி என்ற சொல்லை நீக்குவதாக 2025-இல் அறிவித்தார்கள். ஆனால் வழி கேட்டால் ஊரில் இன்னும் அந்தப் பெயரைத்தான் சொல்கிறார்கள். "எல்லா வீட்டையும் காட்டுங்க" என்று நான் கேட்டபோது, மூன்று ஊர்களில் எனக்குக் காட்டியது ஊர்த் தெருவை மட்டும்தான். யாரும் பொய் சொல்லவில்லை. அவர்களுக்கு ஊர் என்றால் அவ்வளவுதான். அப்படியே விட்டிருந்தால் உழைக்கும் மக்களில் ஒரு பெரும் பங்கு என் பகுதியிலிருந்தே காணாமல் போயிருக்கும், அது என் அட்டவணையில் எங்கும் தெரிந்திருக்காது. ஆகவே கிராம சுகாதார செவிலியரிடம் போங்கள். தடுப்பூசிக்கும் கர்ப்பிணிகளைப் பார்க்கவும் அவர் எல்லாக் குடியிருப்புக்கும் போகிறவர். குக்கிராமங்களின் பெயர்களை அவரிடம் கேட்டு எழுதி, அங்கன்வாடிப் பதிவேட்டோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகுதான் பட்டியலை முடிக்க வேண்டும்.

6. வீடு, அப்புறம் வீட்டுக்குள் ஒருவர்

ஊர் நடுவில் நின்று பேனாவைச் சுழற்றி, அது காட்டும் திசையில் முதல் வீட்டிலிருந்து தொடங்கு என்று பழைய முறை ஒன்று சொல்லித் தருவார்கள். அது கோயிலுக்குப் பக்கத்து வீடுகளையே அதிகம் கொண்டுவரும். ஒரு நாள் செலவழித்து வீடுகளுக்கு எண் போடுங்கள், பிறகு குலுக்கலில் 17 எடுங்கள். அந்த ஒரு நாள் வீணாகாது.

வீட்டுக்கு ஒருவர்தான். கதவைத் திறந்தவரைப் பிடிக்காதீர்கள். பகலில் கதவைத் திறப்பவர் பெரும்பாலும் பெண் அல்லது முதியவர். கடைசியாகப் பிறந்தநாள் வந்தவரைத் தேர்ந்தெடு என்று புத்தகத்தில் இருக்கும். கிராமத்தில் அது நடக்காது. பலருக்குப் பிறந்த தேதி தெரியாது, ஆதாரில் ஜனவரி 1 என்று இருக்கும். 20 வயதுக்கு மேற்பட்டவர்களை மூத்தவரிலிருந்து இளையவர் வரை வரிசையாக எழுதி, குலுக்கல் எண்ணில் யார் வருகிறாரோ அவரை எடுங்கள். வீட்டில் இப்படி எத்தனை பேர் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். ஐந்து பேர் உள்ள வீட்டில் ஒருவருக்கு வாய்ப்பு ஐந்தில் ஒன்று, தனியாக இருக்கும் பாட்டிக்கு வாய்ப்பு முழுசு. கடைசிக் கணக்கில் அதைச் சரிக்கட்ட அந்த எண் வேண்டும்.

வயது கேட்பதும் அப்படித்தான். "அறுபது இருக்கும்" என்பார்கள். "அண்ணா இறந்தப்ப உங்களுக்கு எத்தனை வயசு? ஸ்கூல் போயிட்டிருந்தீங்களா?" என்று கேட்டால் 1969-இல் ஒரு பிடி கிடைக்கும். எம்.ஜி.ஆர். இறந்த 1987 இன்னொன்று. "அப்பத்தான் என் பெரிய பையன் வயித்துல" என்று ஒருவர் சொன்னால் வயது கிட்டத்தட்ட வந்துவிடும்.

வீடு பூட்டியிருந்தால் பக்கத்து வீட்டுக்குத் தாவக் கூடாது. மூன்று தடவை, மூன்று வேறு நேரத்தில் போங்கள். ஒன்றாவது ஞாயிறாக இருக்கட்டும். அப்படியும் கிடைக்காவிட்டால் கிடைக்கவில்லை என்று எழுதுங்கள். அதற்காகத்தான் பத்து சதவீதம் கூட்டி வைத்தோம்.

7. காலை ஐந்தரை மணிக்கு

வெறும் வயிறு என்றால் எட்டு மணி நேரமாவது ஒன்றும் உள்ளே போயிருக்கக் கூடாது. முதல் நாள் மாலையே வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டு, மறுநாள் காலை ஐந்தரைக்குத் தெருவில் இருக்க வேண்டும். எட்டு மணிக்குள் நூறு நாள் வேலைக்கும் வயலுக்கும் கிளம்பிவிடுவார்கள்.

முதல் வாரத்தில் ஒரு பாட்டிக்கு 171 வந்தது.

"பாட்டி, காலையில ஏதாச்சும் சாப்பிட்டீங்களா?"

"ஒண்ணும் இல்ல கண்ணு."

திண்ணையில் டம்ளர் இருந்தது, அடியில் சர்க்கரை கரையாமல் கிடந்தது. கேட்டேன்.

"அது டீத்தண்ணி. அது சாப்பாடா?"

அவர் சொன்னது சரிதான். தப்பு என் கேள்வியில். அன்றோடு கேள்வியை மாற்றினேன்: "எழுந்ததுல இருந்து வாயில என்னென்ன பட்டுச்சு? டீ, காபி, பால், வெத்தலை, மாத்திரை?" ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். அதற்கு முந்தைய நாட்களில் பார்த்த 23 பேரிடம் திரும்பப் போய் மறுபடி சோதித்தேன். நீங்கள் முதல் நாளிலிருந்தே இப்படிக் கேளுங்கள்.

குளுக்கோமீட்டரை வாங்கியவுடன் நம்பிவிடக் கூடாது. இருபது பேருக்கு மீட்டரிலும், அதே நேரத்தில் நரம்பில் ரத்தம் எடுத்து ஆய்வகத்திலும் பார்த்து ஒப்பிடுங்கள். மீட்டர் காட்டுவது பிளாஸ்மா அளவா என்று ஸ்ட்ரிப் டப்பாவுக்குள் இருக்கும் தாளில் படியுங்கள். 126 என்பது பிளாஸ்மாவுக்கான எண். ஸ்ட்ரிப்புகளுக்கு வெயில் ஆகாது. மே மாதம் பைக் பெட்டியில் வைத்து மதியம் வரை சுற்றாதீர்கள். டப்பாவைத் திறந்த தேதியை மேலேயே எழுதுங்கள். திறந்த பிறகு எத்தனை மாதம் தாங்கும் என்று அதிலேயே போட்டிருக்கும். விரலை ஸ்பிரிட்டில் துடைத்தால் காயும் வரை பொறுங்கள், முதல் சொட்டைத் துடைத்துவிட்டு இரண்டாவதை எடுங்கள். காலையில் பழம் நறுக்கிய கை என்றால் சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லுங்கள்.

விரலில் குத்தும் ஊசியான லான்செட் ஒருவருக்கு ஒன்று, மறுபடி தொடவே கூடாது. குத்தியதும் துளையாத வெள்ளை டப்பாவில் போட வேண்டும், ரத்தம் பட்ட பஞ்சு மஞ்சள் பையில். இரண்டையும் பி.எச்.சி.யில் ஒப்படைக்க முன்கூட்டியே பேசி வையுங்கள். தெருவில் ஒரு லான்செட் கிடந்தாலும் அடுத்த நாள் உங்களுக்குக் கதவு திறக்காது, திறக்கவும் கூடாது.

எந்த மாதம் என்பதையும் யோசியுங்கள். தை முதல் இரண்டு வாரத்தில் வெளியூரில் வேலை செய்யும் ஆண்கள் வந்திருப்பார்கள், ஆனால் பொங்கல் சாப்பிடாமல் யாரும் இருக்கமாட்டார்கள். ஆடியில் கூழ், திருவிழா. அறுவடையின்போது நாலு மணிக்கே வீடு காலியாகும். எனக்கு மாசி, பங்குனி ஒத்து வந்தது.

8. செலவு

எனக்கு ஆனது இது. ஸ்ட்ரிப் 50 கொண்ட டப்பா ஏறக்குறைய 1,000 ரூபாய், பதினொரு டப்பா. மீட்டர் இரண்டு, 2,000. ஆய்வக ஒப்பீட்டுக்கு 2,000. அச்சு 4,000. கூட வந்தவருக்கு அரை நாளுக்கு 400 வீதம் அறுபது காலை, 24,000. பெட்ரோல் 9,000. பஞ்சு, கையுறை, டப்பா, சீட்டு 1,000. மொத்தம் 53,000. பெரிய செலவு ஸ்ட்ரிப் என்று நினைத்திருந்தேன், ஆள்கூலிதான் பெரிது. அதைக் குறைக்க ஆஷா பணியாளரையோ செவிலியரையோ இலவசமாக வேலை வாங்காதீர்கள். அவர்களுக்கு அவர்கள் வேலையே தலைக்கு மேல் இருக்கிறது. பங்கேற்பவர்களிடம் ஒரு பைசாகூட வாங்கக் கூடாது.

பதிவுக்கு கோபோ டூல்பாக்ஸ் போன்ற இலவச மென்பொருள் போதும். பெயரும் அலைபேசி எண்ணும் ஒரு கோப்பில், சோதனை முடிவு இன்னொரு கோப்பில், நடுவில் ஓர் எண் மட்டும். பெயரோடு கூடிய எக்செல் கோப்பை வாட்ஸ்ஆப்பில் அனுப்பாதீர்கள்.

9. கணக்கு

510 பேரில் 456 பேர் சோதனைக்கு ஒத்துக்கொண்டார்கள், 73 பேருக்குச் சுகர் என்று ஓர் உதாரணம் வைத்துக்கொள்வோம். 73-ஐ 456-ஆல் வகுத்தால் 16.0 சதவீதம். பகுதியில் 510-ஐப் போடாதீர்கள், சோதித்தவர்கள் மட்டும்தான். ஆனால் 54 பேர் யார், ஆணா பெண்ணா, என்ன வயது என்று தனியாக எழுதுங்கள்.

வெறும் 16 என்று எழுதினால் போதாது, எதிலிருந்து எது வரை என்று சொல்ல வேண்டும். சாதாரணக் கணக்கில் 12.6 முதல் 19.4 வரை வரும். நாம் தொகுப்பு தொகுப்பாக எடுத்ததால் அது பொய்யான துல்லியம். 1.5 மடங்கைச் சேர்த்தால் 11.9 முதல் 20.1 வரை. மென்பொருளில் தொகுப்பு எண்ணைக் கொடுத்தால் அதுவே செய்துவிடும். கொடுக்க மறந்தால் அது எச்சரிக்காது.

இனி வயது. அந்த 456 பேரில் 45 வயதுக்குக் கீழே 160 பேர், அதில் 11 பேருக்குச் சுகர், அதாவது 6.9 சதவீதம். 45-உம் அதற்கு மேலும் 296 பேர், அதில் 62 பேருக்கு, அதாவது 20.9 சதவீதம். ஏன் இத்தனை முதியவர்கள்? இளைஞர்கள் வேலைக்கு வெளியூர் போய்விட்டார்கள். உண்மையில் வட்டாரத்தின் வயது வந்தோரில் 60 சதவீதம் பேர் 45-க்குக் கீழே என்றால், 6.9-க்கு 0.6 பங்கு, 20.9-க்கு 0.4 பங்கு கொடுத்துக் கூட்டுங்கள். 12.5 வரும். 16-க்கும் 12.5-க்கும் இடையில் ஒருவருக்குக்கூட நோய் கூடவோ குறையவோ இல்லை, பகுதியில் யார் இருந்தார்கள் என்பது மட்டும்தான் மாறியது. இரண்டு எண்ணையும் அறிக்கையில் கொடுங்கள். பக்கத்து வட்டாரத்தோடு ஒப்பிடும்போது இரண்டாவதை எடுங்கள். பி.எச்.சி.க்கு எத்தனை பேருக்கு மாத்திரை வேண்டும் என்று கேட்டால் முதலாவதைச் சொல்லுங்கள், ஊரில் இப்போது இருப்பவர்களுக்குத்தானே மாத்திரை.

10. முடிவைக் கையில் கொடுங்கள்

ஒரே ஒரு விரல் சோதனையை வைத்து ஒருவரிடம் "உங்களுக்குச் சுகர்" என்று சொல்லக் கூடாது. கணக்கெடுப்புக்கு அது போதும், ஒரு மனிதருக்குப் போதாது. 126 அல்லது அதற்கு மேல் வந்தவருக்கு ஒரு சீட்டு: தேதி, வந்த எண், "பி.எச்.சி.யில் இன்னொரு முறை பார்க்கவும்", எந்தக் கிழமை எத்தனை மணிக்கு. கிழமையை மருத்துவரிடம் கேட்டுப் போடுங்கள். நான் முதலில் பொத்தாம் பொதுவாகப் போட்டேன். மருத்துவர் வெளியே முகாமுக்குப் போன நாளில் ஒரு தாத்தா எட்டு கிலோமீட்டர் வந்து திரும்பிப் போனார். 300-க்கு மேல் வந்தவரிடம் சீட்டு கொடுத்துவிட்டு நகர வேண்டாம். தாகம், வாந்தி, மூச்சுத்திணறல், மயக்கம் இருக்கிறதா என்று கேட்டு, இருந்தால் அன்றே ஆஸ்பத்திரிக்கு அனுப்ப ஏற்பாடு செய்யுங்கள்.

இரண்டு வாரம் கழித்துச் சீட்டு வாங்கியவர்கள் வீட்டுக்கு மறுபடி போனேன். கால்வாசிப் பேர் போகவில்லை. காலில் புண் வந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்றார் ஒருவர். செவிலியரோடு சேர்ந்து போய் உட்கார்ந்து பேசியதில் அடுத்த செவ்வாய் கிளம்பினார். இந்த மறுவருகைக்கு ஒரு வாரத்தையும் கொஞ்சம் பெட்ரோல் காசையும் தொடக்கத்திலேயே திட்டத்தில் எழுதிவிடுங்கள். குழு அதைச் செலவுக் கணக்கில் பார்த்தால் கேள்வி கேட்காது.